வீட்டுப் பூனையிடமிருந்து பூமாவுக்கு: தெற்கு ஃபுளோரிடாவில் ஒரு வைரஸ் நுழைந்த கதை

ஊருக்கும் காட்டுக்கும் நடுவே வேலி இல்லாத இடத்தில், பூனைக் குடும்ப விலங்குகளிடையே நோய் எப்படி இடம் மாறுகிறது என்பதற்குத் தெற்கு ஃபுளோரிடா அளவுக்குத் தெளிவாகப் பதிவான நிகழ்வுகள் குறைவு. 2002 முதல் 2004 வரை அங்கே பூனைக் குடும்பத்தின் பெரிய காட்டு விலங்கான பூமாக்களிடம் பூனை லூக்கிமியா வைரஸ் பரவியது. பிறகு அடங்கியது. 2010-இல் மறுபடி வந்தது. கால்நடை மருத்துவர்களுக்கும் வனத்துறையில் இருப்பவர்களுக்கும் பயன்படும் என்பதால் இந்த நிகழ்வைத் தொடக்கத்திலிருந்தே எழுதுகிறேன். களத்தில் வேலை செய்த தனிநபர்களின் பெயர்கள் இங்கே தேவைப்படவில்லை.

பின்னணி

ஃபுளோரிடா பாந்தர் என்று உள்ளூரில் அழைக்கப்படுவது பூமாவின் ஒரு கிளை. ஒரு காலத்தில் அமெரிக்காவின் தென்கிழக்கு முழுக்கத் திரிந்த விலங்கு. மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே இனப்பெருக்கம் செய்யும் பூமாக் கூட்டம் நெடுங்காலமாகத் தெற்கு ஃபுளோரிடாவில் மட்டும்தான் இருந்தது. 1967-இல் அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். 1981-இல் ரேடியோ காலர் மாட்டிக் கண்காணிக்கத் தொடங்கினார்கள்.

1990-களின் தொடக்கத்தில் எஞ்சியவை 20 முதல் 30 வரைதான். நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் பெருகியதால் வால் நுனி மடங்கியிருந்தது, ஆண்களுக்கு விரை இறங்காமல் போனது, சில குட்டிகளுக்கு இதயச் சுவரில் ஓட்டை இருந்தது. 1995-இல் டெக்சாஸிலிருந்து எட்டுப் பெண் பூமாக்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அவற்றில் ஐந்து குட்டி போட்டன. புது இரத்தம் கலந்ததும் எண்ணிக்கை வேகமாக ஏறி, 2000-களின் தொடக்கத்தில் 80-லிருந்து 100-க்குள் வந்துவிட்டது. வனவிலங்குப் பாதுகாப்பில் அடிக்கடி எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் வெற்றி இது.

ஆனால் எண்ணிக்கை பெருகிய வேகத்தில் இடம் பெருகவில்லை. ஒரு ஆண் பூமாவுக்குச் சராசரியாக 500 சதுர கிலோமீட்டர் எல்லை வேண்டும், பெண்ணுக்கு அதில் பாதிக்கும் குறைவு. வடக்கே கலூசஹாட்சி ஆறு தடுக்கிறது. மேற்கே நேப்பிள்ஸ் நகரமும் அதன் புறநகரங்களும் உள்நோக்கி வளர்ந்துகொண்டிருந்தன. பிக் சைப்ரஸ், எவர்கிளேட்ஸ் போன்ற அரசுக் காடுகள் தெற்கே இருந்தாலும் பாதி நாள் நீர் நிற்கும் சதுப்பு அது. மேடான, இரை நிறைந்த நிலம் வடக்கே தனியார் மாட்டுப் பண்ணைகளிலும் ஆரஞ்சுத் தோப்புகளிலும் காய்கறி வயல்களின் ஓரத்திலும்தான் இருக்கிறது. பூமாக்கள் அங்கேதான் நெருக்கிக்கொண்டு வாழ்ந்தன. பண்ணை என்றால் வீடு இருக்கும், கொட்டகை இருக்கும், எலி இருக்கும், எலிக்காகப் பூனையும் இருக்கும்.

இந்த வடக்குப் பகுதியில் ஹென்ட்ரி, காலியர் மாவட்டங்களின் எல்லையை ஒட்டிக் கிடப்பது ஓக்கலோக்கூச்சி ஸ்லோ என்ற தாழ்வான ஈரநிலம். நிகழ்வின் மையம் அதுதான்.

வைரஸைப் பற்றிச் சுருக்கமாக

பூனை லூக்கிமியா வைரஸ் எச்சில் வழியாகப் பரவுவது. ஒன்றையொன்று நக்குவது, கடிப்பது, தாய்ப்பால் ஆகியவைதான் முக்கிய வழிகள். உடலுக்கு வெளியே நெடுநேரம் தாங்காது. எனவே நேரடித் தொடர்பு வேண்டும். தொற்றிய பூனைகளில் ஒரு பகுதி வைரஸை வென்றுவிடும், அவற்றின் இரத்தத்தில் எதிர்ப்பொருள், அதாவது வைரஸை எதிர்க்க உடல் உண்டாக்கிய புரதம் மட்டும் மிஞ்சும். வெல்ல முடியாதவற்றின் இரத்தத்தில் வைரஸ் தொடர்ந்து ஓடும். எதிர்ப்பாற்றல் குலையும், இரத்தசோகை வரும், சில சமயம் புற்றுநோயும் வரும். அப்படிப்பட்ட வீட்டுப் பூனைகளில் பெரும்பாலானவை மூன்று ஆண்டுகளுக்குள் இறந்துவிடும். 2004-இல் வட அமெரிக்காவில் 18,000-க்கும் மேற்பட்ட பூனைகளைப் பரிசோதித்தபோது நூற்றில் இரண்டு, மூன்று பூனைகளிடம் இந்த வைரஸ் இருந்தது.

இரண்டு பரிசோதனைகள் உண்டு. ஒன்று ஆன்டிஜனை, அதாவது வைரஸின் சொந்தப் புரதத்தைத் தேடும், இப்போது இரத்தத்தில் வைரஸ் இருக்கிறதா என்று சொல்லும். மற்றது எதிர்ப்பொருளைத் தேடும், எப்போதாவது இந்த வைரஸைச் சந்தித்ததா என்று சொல்லும். இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நடந்ததெல்லாம் இதைச் சுற்றித்தான்.

முதலில் கண்ணில் பட்டது

ஃபுளோரிடாவின் மீன், வனவிலங்குப் பாதுகாப்பு ஆணையமும் தேசியப் பூங்காத் துறையும் ஒவ்வொரு குளிர்காலத்திலும் பூமாக்களைப் பிடிப்பது வழக்கம். பயிற்சி பெற்ற வேட்டை நாய்கள் மோப்பம் பிடித்துத் துரத்தும். பூமா மரத்தில் ஏறிக்கொள்ளும். கீழே வலையையும் காற்று மெத்தையையும் விரித்துவிட்டு மயக்க ஊசியைச் சுடுவார்கள். விழுந்த விலங்கை எடைபோட்டு, இரத்தம் எடுத்து, காலர் மாட்டி, வெறிநோய் முதலியவற்றுக்குத் தடுப்பூசியும் போட்டு அனுப்புவார்கள். காலர் மாட்டியவற்றை வாரத்துக்கு மூன்று முறை சிறு விமானத்திலிருந்து கண்காணிப்பார்கள்.

எடுத்த இரத்தத்தில் பூனை லூக்கிமியாவும் பரிசோதிக்கப்பட்டது. ஏறக்குறைய 20 ஆண்டுகளாக வைரஸ் இருந்ததாக ஒரு முடிவுகூட வரவில்லை. கலிபோர்னியாவில் ஒரு பூமாவிடம் இந்த வைரஸ் இருந்ததாக 1993-இல் ஓர் ஆய்வுக் குறிப்பு வெளிவந்திருந்தது. மற்றபடி இது காட்டு விலங்கின் நோய் என்று யாரும் எண்ணவில்லை.

2002–2003 பருவத்தில் இரண்டு பூமாக்களின் இரத்தத்தில் ஆன்டிஜன் தென்பட்டது. நூறுக்கும் குறைவான எண்ணிக்கையில், அதுவும் எதிர்ப்பாற்றல் வலுவாக இருக்கும் என்று நம்ப முடியாத மரபு வரலாறு கொண்ட விலங்கில், இரண்டு என்பது சிறிய எண் அல்ல. காலர் இல்லாத, பிடிபடாத பூமாக்களில் எத்தனையிடம் இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

பழைய இரத்தம் சொன்னது

இந்த இடத்தில்தான் நிகழ்வின் மிக நல்ல முடிவு எடுக்கப்பட்டது என்பது என் கருத்து. புதிதாகப் பிடிப்பதோடு நிற்காமல், பழைய காலத்திலிருந்து சேர்த்து வைத்திருந்த மாதிரிகளையும் எடுத்து எதிர்ப்பொருள் தேடினார்கள்.

1990 ஜனவரி முதல் 2007 ஏப்ரல் வரையிலான மாதிரிகளைக் காலவரிசையில் வைத்தபோது, எதிர்ப்பொருள் உள்ள பூமாக்களின் விகிதம் ஏறிக்கொண்டே வந்தது தெரிந்தது. அவை எல்லா இடத்திலும் பரவியிருக்கவில்லை. பூமா வாழும் பகுதியின் வடக்கு முனையிலேயே குவிந்திருந்தன. பண்ணைகளும் குடியிருப்புகளும் அதிகமாக இருக்கும் அதே பகுதி.

இதன் பொருள் என்ன? ஆன்டிஜன் பரிசோதனை ஆண்டுக்கணக்கில் "இல்லை, இல்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தபோதே, அந்த முனையில் சில பூமாக்கள் வைரஸைச் சந்தித்து மீண்டிருக்கின்றன. பரிசோதனை பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைத்தான் சொன்னது. இரத்தத்தில் வைரஸ் ஓடும் பூமா சில மாதங்களுக்குள் இறந்துவிடுகிறது. ஆண்டுக்கு ஒருமுறை, அதுவும் ஒரு பகுதி விலங்குகளை மட்டும் பிடித்துப் பார்க்கும்போது, அந்தக் குறுகிய காலத்தில் அது கையில் சிக்குவது அதிர்ஷ்டம்தான். எதிர்ப்பொருளோ நெடுநாள் நிற்கும். சிறிய எண்ணிக்கையில் நோய் எட்டிப் பார்க்கிறதா என்று அறிய எதிர்ப்பொருள்தான் ஏற்ற கருவி. நம் ஊரிலும் வனவிலங்கு நோய்க் கண்காணிப்பு என்றால் முதலில் "இப்போது நோய் இருக்கிறதா" என்றுதான் பார்க்கிறோம். வரைபடத்தில் எந்த மூலை சூடாகிறது என்பதை அது காட்டாது.

2000 ஜூலை முதல் 2005 பிப்ரவரி வரை ஆன்டிஜன் பரிசோதனை செய்யப்பட்ட 131 பூமாக்களில் ஐந்தின் இரத்தத்தில் வைரஸ் இருந்தது. நூற்றுக்கு நான்கு. நிணநீர்க் கணுக்கள் வீங்கியிருந்தன, இரத்தசோகை, எடை இழப்பு, இரத்தத்தில் கிருமித் தொற்று ஆகியவை காணப்பட்டன. ஐந்தும் இறந்தன. இரண்டு இரத்தத்தில் கிருமி பரவியதாலும், ஒன்று இரத்தசோகையும் நீரிழப்பும் சேர்ந்ததாலும் இறந்தன. மற்ற இரண்டும் வேறு பூமாக்களோடு நடந்த சண்டையில் மாண்டன.

சில கட்டுரைகளில் "மூன்று இறப்பு" என்றும் வேறு சிலவற்றில் "ஐந்து இறப்பு" என்றும் எழுதியிருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். சண்டையில் போனவற்றை வைரஸின் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்பதைப் பொறுத்தே எண் மாறுகிறது. நோய்ப் பரவலின் கோணத்தில் பார்த்தால் அந்த இரண்டு சண்டைகள்தான் அதிகம் அஞ்ச வேண்டியவை. பலவீனமான விலங்கு சண்டையில் தோற்பது இயல்பு. ஜெயித்த விலங்கின் வாயில் தோற்றதன் இரத்தமும், உடம்பில் தோற்றதன் பற்கள் போட்ட காயமும் இருக்கும். அதோடு அது தன் எல்லையைச் சுற்றப் போய்விடும்.

எப்படி வந்தது, எப்படிப் பரவியது

வைரஸின் மரபணு வரிசையைப் படித்ததில், அது வீட்டுப் பூனைகளிடம் காணப்படும் ஏ பிரிவைச் சேர்ந்தது என்றும், அதிலும் கடுமையான ஒரு வகைக்கு நெருங்கியது என்றும் தெரிந்தது. நோயுற்ற பூமாக்களின் வைரஸ்கள் தமக்குள் மிக ஒத்திருந்தன. எனவே ஆளுக்கொரு பூனையிடமிருந்து தனித்தனியாக வந்திருக்க வாய்ப்பு குறைவு. ஒரு மூலத்திலிருந்து ஒருமுறை தாவி, அப்புறம் பூமாவிடமிருந்து பூமாவுக்குப் போயிருக்கிறது என்பதே பொருத்தமான விளக்கம்.

அந்த முதல் தாவலை யாரும் பார்க்கவில்லை. பூமா பூனையைத் தின்றிருக்கும் என்பதே பெரும்பாலானோரின் முடிவு. காட்டுப்பன்றி, மான், ரக்கூன், ஆர்மடில்லோ என்று கிடைப்பதைத் தின்னும் விலங்கு அது. பண்ணை வீட்டு ஓரத்தில் மாலையில் உலாவும் பூனையும் அதற்கு இரைதான். நோயில் தளர்ந்த பூனை தப்பி ஓடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நூறு பூனைகளில் இரண்டு, மூன்றிடம்தான் வைரஸ் என்றாலும், பூமாவின் வாயில் சிக்கும் பூனைகளில் அந்த விகிதம் கூடுதலாக இருக்க வாய்ப்பு உண்டு.

பூமாவுக்குள் வந்த பிறகு பரவ மூன்று வழிகள் இருந்தன: இணை சேரும் நாட்கள், தாயும் குட்டியும் சேர்ந்திருக்கும் காலம், ஆண்களின் எல்லைச் சண்டை. பூமா தனித்து வாழ்வது, எனவே தொற்று எளிதில் பரவாது என்ற எண்ணம் பரவலாக உண்டு. இடம் தாராளமாக இருந்தால் அது சரிதான். எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும் நிலத்தில் சரியில்லை. டெக்சாஸ் பூமாக்களால் எண்ணிக்கை பெருகியது நல்ல காரியம், சந்தேகமே இல்லை. அதன் மறுபக்கம் இது. இளம் ஆண்கள் அதிகமாகி, போக இடமில்லாமல் மூத்த ஆண்களோடு மோதின. பூமாக்களின் சாவுக்கு வாகனங்களை அடுத்து இந்தச் சண்டைகளே பெரிய காரணம்.

இதற்கு நேர்மாறான ஒரு வைரஸும் அங்கேயே இருக்கிறது. பூனைகளின் எதிர்ப்புக் குறைவு வைரஸ், அதாவது மனிதரின் எச்.ஐ.வி.க்கு உறவான ஒன்று, பூமாக்களிடம் தனி வகையாக நெடுங்காலமாக உள்ளது. வீட்டுப் பூனையிடம் இருப்பது வேறு வகை. கலிபோர்னியா, கொலராடோ, ஃபுளோரிடா ஆகிய மூன்று மாநிலங்களில் பூமா, பாப்கேட் என்னும் காட்டுப் பூனை, வீட்டுப் பூனை மூன்றையும் சேர்த்து ஆராய்ந்தபோது இந்த வைரஸ் பெரும்பாலும் அந்தந்த இனத்தோடு நிற்பதே தெரிந்தது. ஆகவே "ஊருக்குப் பக்கத்தில் இருந்தால் எல்லா நோயும் தாவும்" என்று பொதுவாகச் சொல்ல முடியாது. இரை வழியாக வரக்கூடியது, ஓர் இனத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவ அதிகத் தடை இல்லாதது என்ற இரண்டும் சேர்ந்த கிருமிதான் ஆபத்து. பூனை லூக்கிமியா அப்படிப்பட்டது.

எடுத்த முடிவுகள்

முடிவெடுத்தவர்கள் முன்னால் மூன்று வழிகள் இருந்தன.

முதலாவது, எதுவும் செய்யாமல் பார்த்துக்கொண்டிருப்பது. நோய் தானே எரிந்து அணையலாம். பெரிய எண்ணிக்கையுள்ள விலங்கு என்றால் அதுவே சரியான முடிவாக இருந்திருக்கும். இங்கே வடக்கிலிருந்து தெற்கே பிக் சைப்ரஸுக்குள் நோய் இறங்கினால் மீதி எதுவும் தேறாது என்ற அச்சம் இருந்தது.

இரண்டாவது, வைரஸ் உள்ள பூமாவைக் காட்டிலிருந்து பிரித்து அடைத்து வைப்பது. இதையும் திட்டத்தில் சேர்த்தார்கள். ஆனால் பிடித்தால்தானே பிரிக்க முடியும்?

மூன்றாவது, தடுப்பூசி. வீட்டுப் பூனைக்கான தடுப்பூசி கடையில் இருந்தது. அது பூமாவுக்குப் பாதுகாப்பானதா என்றோ, பலன் தருமா என்றோ பூமாக்களிடம் சோதித்துப் பார்த்ததில்லை. பூனைக்கே முதல் ஊசிக்கு மூன்று, நான்கு வாரங்களுக்குப் பிறகு இரண்டாவது ஊசி போட வேண்டும். காட்டில் திரியும் பூமாவை ஒரு மாதத்துக்குள் மறுபடி பிடிப்பது என்றால் மறுபடி நாய், மறுபடி மயக்கம், மறுபடி மரத்திலிருந்து விழும் ஆபத்து.

இத்தனை தெரியாமைகளோடும் 2003-இல் தடுப்பூசியைத் தொடங்கினார்கள். முதலில் நோய் கண்ட வடக்குப் பகுதியையும் அதைச் சுற்றியுள்ள இடத்தையும் குறிவைத்தார்கள், பிறகு மற்றப் பகுதிகளுக்கும் விரித்தார்கள். 2007 ஜூன் வரை 52 பூமாக்களுக்கு ஒரு தடவையோ அதற்கு மேலோ ஊசி போடப்பட்டது. "ஒரு தடவையோ அதற்கு மேலோ" என்பதைக் கவனிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முழுத் தவணை கிடைக்கவில்லை. 52-உம் ஒரே சமயத்தில் உயிரோடு இருந்தவையும் அல்ல.

சோதித்துப் பார்க்காத ஊசியை அழியும் விலங்குக்குப் போடலாமா என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் சோதனைக்காகக் காத்திருக்கும் காலத்தில் வைரஸ் காத்திருக்காது. பூனைகளிடம் நெடுங்காலமாகப் பயன்பட்ட ஊசி என்பதால் தீங்கின் எல்லை ஓரளவு தெரிந்தது. தவறவிட்டால் இழப்புக்கு எல்லையே இல்லை. எதைச் செய்தோம், எந்த விலங்குக்கு எப்போது செய்தோம் என்று எழுதி வைத்துக்கொண்டு செய்தார்கள். இது போதுமான நியாயம் என்றே நினைக்கிறேன்.

நடைமுறையில் ஒரு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. தடுப்பூசி போட்ட விலங்கிடம் எதிர்ப்பொருள் கிடைத்தால், அது ஊசியால் வந்ததா, காட்டில் வைரஸைச் சந்தித்ததால் வந்ததா என்று பிரிக்க முடியாது. பரவலைக் காட்டிக்கொடுத்த அதே கருவி, அந்த விலங்குகளைப் பொறுத்தவரை மழுங்கிப்போகும். எனவே யாருக்கு ஊசி போடவில்லை என்ற பதிவும் ஊசிப் பதிவைப் போலவே முக்கியமாகிறது.

2004-க்குப் பிறகு

2004 ஜூலைக்குப் பிறகு சில ஆண்டுகள் புதிய நோயாளி எதுவும் கண்டறியப்படவில்லை. பூமாக்களின் எண்ணிக்கையும் சரியவில்லை.

தடுப்பூசிதான் நிறுத்தியதா? அப்படி உறுதியாகச் சொல்ல வழியில்லை. ஊசி போடாத ஒப்பீட்டுக் குழு இல்லை. வைரஸ் உள்ளவை விரைவில் இறந்துவிட்டதால் பரவல் தானாகவே ஓய்ந்திருக்கலாம். மீண்டு எதிர்ப்பொருளோடு வாழ்ந்தவை இயற்கையான தடுப்பாக நின்றிருக்கலாம். களத்தில் வேலை செய்தவர்களும் தங்கள் கட்டுரையில் வெற்றி முழக்கம் போடவில்லை. வீட்டுப் பூனைகளிடமிருந்து வைரஸ் மறுபடி வரக்கூடும் என்றே எழுதினார்கள்.

2007-இல் ஸ்பெயினின் தோன்யானாவில் ஐபீரிய லின்க்ஸ் என்னும் காட்டுப் பூனைகளிடம் இதே நோய் வந்தது. அங்கே நோயுற்றவற்றைப் பிடித்துப் பிரித்தார்கள், மற்றவற்றுக்கு ஊசி போட்டார்கள், கூடவே அந்தப் பகுதியில் திரிந்த பூனைகளையும் பிடித்து அகற்றினார்கள். மூன்றாவது நடவடிக்கை ஃபுளோரிடாவில் அந்த அளவுக்கு நடக்க முடியாது. தோன்யானா பெரும்பாலும் பாதுகாக்கப்பட்ட நிலம். ஃபுளோரிடாவின் வடக்கு முனையோ தனியார் நிலம், பூனைக்குச் சொந்தக்காரரும் சோறு வைப்பவரும் இருக்கிறார்கள்.

2010: மறுபடியும்

2003 முதல் 2007 வரை நடந்த தடுப்பூசி முயற்சிக்குப் பிறகு சில ஆண்டுகள் அமைதி. 2010 முதல் 2016 வரை மேலும் ஆறு பூமாக்களிடம் பூனை லூக்கிமியா கண்டறியப்பட்டது.

இந்தத் தடவை வைரஸின் முழு மரபணுவையும், அதே காலத்து ஃபுளோரிடா வீட்டுப் பூனைகளின் வைரஸ்களோடு ஒப்பிட்டார்கள். 2019-இல் வெளிவந்த முடிவின்படி, பூமாக்களிடம் குறைந்தது இரண்டு வெவ்வேறு வகைகள் சுற்றின. அவை வீட்டுப் பூனைகளிடமிருந்து தனித்தனியாக வந்தவை. பழைய பரவலின் வகை இன்னும் உள்ளுக்குள் ஓடிக்கொண்டிருந்திருக்க வேண்டும், அல்லது அதற்கு மிக நெருங்கிய ஒன்று மறுபடி தாவியிருக்க வேண்டும். இரண்டில் எது என்று பிரிக்க முடியவில்லை. ஒரு பூமாவிடம் பி பிரிவு வைரஸும் இருந்தது. அது வீட்டுப் பூனையின் உடலுக்குள் ஏற்கெனவே உள்ள பரம்பரை வைரஸ் துண்டுகளோடு ஏ பிரிவு கலந்து உண்டாவது. பூமாவின் மரபில் அந்தத் துண்டுகள் கிடையாது. எனவே பூமாவுக்குள் அது உருவாகியிருக்க முடியாது, பூனையிடமிருந்து அப்படியே வந்திருக்க வேண்டும். இந்த ஒரு செய்தி போதும், கதவு திறந்தே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள.

முதல் பரவல் ஒரு விபத்து என்று நினைக்க இடம் இருந்தது. இரண்டாவதற்குப் பிறகு அந்த இடம் இல்லை.

மாற வேண்டியவை

தடுப்பூசி பற்றிய எண்ணம் முதலில் மாற வேண்டும். இந்தப் பரவலைக் கணினியில் மாதிரியாக ஓட்டிப் பார்த்து 2022-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு எதிர்பாராத ஒன்றைச் சொன்னது. முன்கூட்டியே போடும் தடுப்பூசி போதுமான அளவில் இல்லாவிட்டால், சாவு குறைவதற்குப் பதில் கூடவும் வாய்ப்பு உண்டு. அரைகுறைத் தடுப்பு பரவலை மெதுவாக்கி இழுத்துக்கொண்டே போகச் செய்யும் என்பது விளக்கம். இரண்டாவது ஊசி போட்டுத் தடுப்பாற்றலை உயர்த்துவதும், நோயுற்றதைக் கண்டுபிடித்து அகற்றுவதும் சேர்ந்தால்தான் பயன் கூடும். "கொஞ்சமாவது போட்டு வைப்போம்" என்ற மனநிலைக்கு இது நேர் எதிர். 2018-இல் குஜராத்தின் கீர் காட்டில் நாய்களின் டிஸ்டெம்பர் வைரஸால் சிங்கங்கள் இறந்தபோது அமெரிக்காவிலிருந்து தடுப்பூசி தருவித்துப் போட்டார்கள். அங்கும் எத்தனை விலங்குக்கு, எத்தனை தவணை, எத்தனை காலம் என்பதே கேள்வியாக நின்றது. கீரில் வைரஸ் வேறு, அதைக் கொண்டுவரும் ஊர் விலங்கு வேறு. கணக்கு ஒன்றுதான்.

எதிர்ப்பொருள் பரிசோதனையைப் பரவல் வந்த பிறகு கையில் எடுக்காமல் ஒவ்வொரு பருவத்திலும் செய்து, முடிவை வரைபடத்தில் குறிக்க வேண்டும். செலவு பெரிதல்ல, இரத்தம் எப்படியும் எடுக்கப்படுகிறது. வாகனத்தில் அடிபட்டுச் சாகும் பூமாக்களையும் அதே கண்ணோடு பார்க்க வேண்டும். காலர் இல்லாத விலங்குகளின் நிலையை அறிய அவற்றை விட்டால் வேறு மாதிரி அதிகம் கிடைக்காது.

பூனைப் பக்கம்தான் கடினம். ஊர் சுற்றும் பூனைகளைப் பிடித்துக் கருத்தடை செய்து திரும்ப விடும் திட்டங்கள் அமெரிக்காவில் பரவலாக உள்ளன. பூமா திரியும் நிலத்தின் ஓரத்தில் அப்படித் திரும்ப விடுவதை நான் ஏற்க மாட்டேன். கருத்தடை செய்த பூனையும் வைரஸைச் சுமக்கும், அதையும் பூமா தின்னும். அங்கே பூனை வீட்டுக்குள் இருக்க வேண்டும், அல்லது குறைந்தபட்சம் பரிசோதித்துத் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். வீட்டுக்கு வெளியே இரவில் தீவனம் வைக்கும் பழக்கமும் நிற்க வேண்டும். அந்தத் தீவனம் பூனையோடு ரக்கூனையும் கூட்டும், ரக்கூன் பூமாவைக் கூட்டும். சட்டம் போட்டு இதைச் சாதிப்பது கடினம். வீட்டுக்காரருக்குப் பூனை பிரியமானது. "உங்கள் பூனையால் பூமா சாகிறது" என்று சொல்வதைவிட, "வெளியே விட்டால் உங்கள் பூனையைப் பூமா தின்றுவிடும்" என்பது எடுபடும் என்று தோன்றுகிறது. இரண்டும் உண்மைதான்.

2016-இல் கலூசஹாட்சி ஆற்றுக்கு வடக்கே ஒரு பெண் பூமா கேமராவில் பதிவானது. 1973-க்குப் பிறகு அந்தப் பக்கம் உறுதியான முதல் பெண் அது. அடுத்த ஆண்டு குட்டிகளோடும் பதிவானது. இடம் விரிவதால் நெருக்கம் குறையும், சண்டையும் குறையலாம். ஆனால் ஆற்றைத் தாண்டினால் வருவதும் மாட்டுப் பண்ணையும் குடியிருப்பும்தான். அங்கே உள்ள பூனைகளில் எத்தனையிடம் வைரஸ் இருக்கிறது என்பதைப் பூமாக்கள் போய்ச் சேரும் முன்பே அளந்து வைத்துக்கொள்வது நல்லது. 1990-களில் தெற்குப் பக்கம் அந்த அளவீடு இல்லாமல்தான் தொடங்கினார்கள்.